மக்களுக்கு முதுகு காட்டி வாசித்த புலம்பல்

போன மாதம் எங்கள் பங்கின் மறைக்கல்வி ஆசிரியைகள் மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். பெரிய வெள்ளிக்கிழமை மதியம் கோயிலில் பைபிளின் புலம்பல் ஆகமத்தை வாசிப்பது எங்கள் ஊர் வழக்கம். இனி அதை யாரும் நின்று வாசிக்க வேண்டாம், நன்றாகப் பாடிப் பதிவு செய்ததை ஸ்பீக்கரில் போட்டு, எரிகிற நகரத்தின் படத்தைத் திரையில் காட்டலாம் என்று ஒரு யோசனை இருக்கிறதாம்.

"நீங்க எப்பிடி வாசிச்சியளுன்னு ஒரு பக்கம் எழுதித் தாங்க உபதேசியாரே. அத வச்சு நாங்க பேசி முடிவு பண்ணுகோம்" என்றார்கள்.

எழுதிக் கொடுத்தேன். எங்கே நிற்பது, எங்கே மூச்சு விடுவது, எந்த வரியில் குரல் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு பக்கம் முழுக்க இருந்தது. திரும்ப வாசித்துப் பார்த்தபோது மீன்குழம்புக் குறிப்பு மாதிரி இருந்தது. ஏன் அப்படி நிற்க வேண்டும் என்பதற்கு ஒரு பக்கம் போதாது. ஆகவே மீதியை இங்கே எழுதுகிறேன்.

இராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் முப்பத்தொரு வருடம் உபதேசியாராக இருந்தேன். பங்குச்சாமிக்கு அடுத்தபடியாகச் செபம் சொல்லவும், பிள்ளைகளுக்கு வேதபாடம் எடுக்கவும், சாவு வீட்டில் முதல் ஆளாகப் போய் நிற்கவும் ஊருக்கு ஒருவர் வேண்டும். அவர்தான் உபதேசியார். தொண்டையில் முடிச்சு இருக்கிறது, இனிமேல் உரக்க வாசித்தால் உள்ள குரலும் போய்விடும் என்று டாக்டர் சொன்னதால் ஐம்பத்து நாலு வயதிலேயே ஓய்வு பெற்றேன். வேலை கற்ற காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இருபத்து மூன்று வயதில் நாகர்கோவிலில் ஆறு மாதம் பயிற்சி. மந்திரங்கள், பதிவேடுகள், மணி அடிக்கும் முறைகள். அவ்வளவுதான். மீதியைக் கற்றுக் கொடுத்தவர் அருளப்ப சாமி.

அருளப்ப சாமி அப்போது எங்கள் பங்குத்தந்தை. அதிகம் பேசமாட்டார். என் முதல் தவக்காலத்தில், வெயில் கொளுத்துகிற மூன்று மணிக்கு, ஆள் இல்லாத கோயிலுக்குள் என்னைக் கூட்டிப் போனார். புலம்பல் ஆகமத்தைக் கையில் கொடுத்து முன்னால் நிறுத்திவிட்டு, அவர் கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கையில் சாவிக்கொத்து. பெஞ்சில் ஒரு தட்டுத் தட்டினால் நிறுத்த வேண்டும். இரண்டு தட்டு என்றால் மறுபடியும் முதலிலிருந்து.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எருசலேம் நகரம் தன் கடவுளைக் கைவிட்டது. எச்சரித்த இறைவாக்கினரைச் சேற்றுக் குழிக்குள் இறக்கியது. கடைசியில் அந்நியப் படை வந்து நகரத்தைச் சுட்டெரித்தது. அந்தச் சாம்பலின் நடுவே எழுந்த ஐந்து அழுகைகள்தான் புலம்பல். கடவுளை விட்டு விலகும் எந்த நாட்டுக்கும் அதில் ஓர் எச்சரிக்கை உண்டு. அப்படித்தான் எனக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நானும் நெஞ்சை நிமிர்த்தி, கோயில் எதிரொலிக்க வாசித்தேன். நாலாவது வரியில் சாவி தட்டியது.

"ஏலே, யாரைத் திட்டுத?"

"திட்டல்ல சாமி. வாசிக்கேன்."

"வாசிக்கியா? போலீஸ்காரன் லத்தியத் தட்டிக்கிட்டுப் பேசுத மாதிரில்லா இருக்கு. எருசலேம் எரியச்ச நீ எங்க நின்ன?"

"இஞ்சதான் நிக்கேன் சாமி" என்றேன்.

"இஞ்ச இல்ல. அங்க நின்ன. ஒன் வீடும் சேந்து எரிஞ்சு போச்சு. ஒன் பிள்ளையும் பசிச்சுக் கெடக்கு. அந்தத் தொண்டையில வாசி. திரும்பி நில்லு, பீடத்தப் பாத்து."

அந்தத் தவக்காலம் முழுவதும் அந்தச் சாவியின் சத்தம்தான். அவர் வைத்த சட்டங்கள் நாலு. புலம்பல் வாசிப்பவன் மேடையில் ஏறக் கூடாது. மக்களின் முதல் வரிசையோடு, அதே தரையில், அவர்களுக்கு முதுகு காட்டி, பீடத்தைப் பார்த்து நிற்க வேண்டும். 'நாங்கள் பாவம் செய்தோம்' என்கிற இடத்தில் குரலை இறக்கக் கூடாது. கூச்சப்படுகிறவன்தான் அங்கே இறக்குவான். பிள்ளைகள் தெருவில் பசியால் மயங்கி விழுகிற வரிகள் வந்ததும் ஐந்து முறை மூச்சு விட்ட பிறகே அடுத்த வரிக்குப் போக வேண்டும். முடித்த பிறகு விளக்கம் எதுவும் சொல்லக் கூடாது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட வேண்டும்.

"ஆளுகளப் பாத்து நின்னு வாசிச்சா அது பிரசங்கம்" என்பார். "இது பிரசங்கம் இல்ல. கூட்டத்துல ஒருத்தன் அழுதது."

சாமி மாற்றலாகிப் போனார். சில வருடங்களில் கோயிலுக்கு மைக் வந்தது. மைக் ஸ்டாண்டு மேடையில், மக்களைப் பார்த்தபடி நின்றது. புலம்பல் வாசிக்கவும் நான் அங்கேயே ஏறி நிற்க ஆரம்பித்தேன். யாரும் சொல்லவில்லை, வசதியாக இருந்தது, ஏறினேன். உண்மையைச் சொன்னால் வசதி மட்டும் அல்ல. நான் வாசிக்க வாசிக்க, முதல் வரிசையிலிருந்து தலைகள் ஒவ்வொன்றாகக் குனிவது மேலே நின்றால் தெரியும். அதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு ருசி வந்துவிட்டது.

அந்த ருசி பெரிய வெள்ளியோடு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலி முடிந்து ஒன்பதரை மணிக்குக் கோயிலுக்குள் வேதபாடம் நடக்கும். வராத பிள்ளைகளின் பெயர்களைக் குறித்துவைக்க ஒரு நோட்டு இருந்தது. அதை எழுதும் பொறுப்பு என் மகள் செலினுக்கு. இரண்டாயிரத்து நாலில் அவளுக்குப் பதினொரு வயது. கையெழுத்து முத்துப் போல் இருக்கும், பொய் எழுதமாட்டாள். வாரா வாரம் அந்த நோட்டில் ஏறிய பெயர் அமலி. இத்தனைக்கும் அமலிதான் செலினின் உயிர்த்தோழி. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. பள்ளிக்கூடம் விட்டாலும் இரண்டு பேரும் ஒரே நிழலில்தான் கிடப்பார்கள். அமலியின் அம்மா புளோரா ஞாயிறு காலையில் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்கு விற்கப் போய்விடுவாள். அப்பன் கேரளத்துப் போட்டில். கரையில் காயப்போட்ட சாளை மீனைக் காக்கா தூக்காமல் பார்த்துக்கொள்ள அமலியை விட்டால் ஆள் கிடையாது. இதெல்லாம் பிறகு எனக்குத் தெரிய வந்தது. அந்தப் பிள்ளை ஏன் வரவில்லை என்று நான் ஒரு நாளும் விசாரித்ததில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை பாடம் எருசலேமின் வீழ்ச்சி. எனக்குப் பிடித்த பாடம். அன்று அதிசயமாக அமலியும் வந்திருந்தாள். முந்தின மூன்று வாரமும் அவள் பெயர் இருந்த நோட்டைத் தூக்கிக் காட்டிப் பேசினேன்.

"கடவுள விட்ட நகரத்துக்குப் படை வந்துது. நமக்குப் படை எதுக்கு? கடல் போதும். இந்த நோட்டுல பேரு உள்ளவியளை எல்லாம் கடல் ஒருநாள் வந்து கேக்கும், பாத்துக்கிடுங்க."

பிள்ளைகள் கொஞ்சம் சிரித்தார்கள், கொஞ்சம் பயந்தார்கள். தலைகள் குனிந்தன.

அடுத்த ஞாயிறு டிசம்பர் இருபத்தாறு.

அன்றைக்கு வகுப்பில் நாலு பேர் இல்லை. ஷீபா, ஜெனிட்டா, பிரின்சி மூன்று பேரும் கிறிஸ்துமஸ் விருந்துக்கு உறவினர் வீடுகளுக்குப் போயிருந்தார்கள். நாலாவது அமலி. செலின் நாலு பெயரையும் எழுதி நோட்டை மூடினாள். கொஞ்ச நேரத்தில் கடல் வந்தது. கோயில் மேட்டில் இருக்கிறது. தண்ணீர் படிக்கட்டுகளில் ஏறி, வாசற்படிக்கு இரண்டு படி கீழே நின்றது. உள்ளே இருந்த பிள்ளைகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. கரையில் இருந்தவர்களில் பலரை மறுநாள்தான் கண்டோம். அமலியை மூன்றாம் நாள்.

அதன் பிறகு என் வேலை சாவுப் பதிவேடுதான். ஒவ்வொரு உடலாகப் பார்த்து, அடையாளம் சொல்ல ஆள் கூட்டி, பெயர், தகப்பன் பெயர், எங்கே கிடந்தது என்று எழுத வேண்டும். அதுவரை ஒரு சாவுக்கு ஒரு பக்கம் என்று எழுதி வந்தேன். அந்த வாரம் ஒரு பக்கத்துக்குப் பதினாறு வரி, வரிக்கு ஒருவர் என்று போட்டேன். அமலியின் வரியை எழுதியபோது பேனா பிடித்த கையைப் பார்த்தேன். ஒரு வாரத்துக்கு முன் நோட்டைத் தூக்கிக் காட்டிய கை.

உள்நாட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருந்தார்கள். மூன்று வாரம் கழிந்திருக்கும். என் மனைவி ரோசிலி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஒங்க மகள கவனிச்சியளா? யாரையும் பேரு சொல்லி விளிக்க மாட்டேங்கா."

"பேசுகாளே?"

"பேசுகா. தண்ணி வேணும்ங்கா, பசிக்குங்கா. யாருட்ட சொல்லுகான்னு பாருங்க. அம்மான்னு சொல்லல்ல. அப்பான்னு சொல்லல்ல. நேத்து டீச்சர் பிள்ளைகளுக்கப் பேரு கேட்டாவ. வாயப் பொத்திக்கிட்டு ஓடிட்டா."

அன்றிலிருந்து கவனித்தேன். ரோசிலி சொன்னது சரி. செலின் எங்கள் கையைத் தொட்டுக் கூப்பிட்டாள், துணியைப் பிடித்து இழுத்தாள். பெயர், முறை எதுவும் அவள் வாயிலிருந்து வரவில்லை. பகலில் முகாம் வாசலில் நின்று, ஷீபாவும் ஜெனிட்டாவும் பிரின்சியும் எங்கே இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே இருந்தாள். அவர்கள் குளிக்கப் போனால் பின்னாலேயே போய்க் கதவருகில் நின்றாள். ரோசிலி மடியில் போட்டுத் தலை கோதிக் கேட்டபோதுதான் சொன்னாளாம்: நான் எழுதின நாலு பேரில் ஒரு பேரைக் கடல் எடுத்துக்கொண்டது, மூன்று பேர் பாக்கி, இனி நான் யார் பேரைச் சொன்னாலும் அதையும் அது கேட்கும்.

ரோசிலி இதை என்னிடம் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அது அவள் என்மீது காட்டிய இரக்கம்.

அந்த நாட்களில் முகாமுக்கு ஒரு பிரசங்கியார் வந்தார். எந்தச் சபை என்று எங்களுக்குத் தெரியாது, எங்கள் கோயிலைச் சேர்ந்தவர் அல்ல. அரிசியும் போர்வையும் கொண்டுவந்தார். அதற்கு இன்றும் நன்றி. பிறகு ஒலிபெருக்கியில் பேசினார். தேசம் கடவுளைக் கைவிட்டது, கடல் தண்டனையாக வந்தது, கோயிலுக்குள் இருந்தவர்கள் பிழைத்தார்கள், பாருங்கள் என்றார். பாதிப் பேச்சு நான் ஏற்கெனவே பேசியது. அதனால் எனக்கு வாய் திறக்க முடியவில்லை. திறந்தது புளோரா. கூட்டத்தின் நடுவே எழுந்து நின்றாள்.

"ஐயா, ஒரு சம்சயம். தேசம்னா டெல்லியும் சேந்ததுதானே? தேசத்துல உள்ளவியள் எல்லாம் கடவுள கெட்டிப் பிடிச்சிட்டு இருந்தாவ, கரையில உள்ள நாங்க மட்டும் விட்டுட்டமாக்கும்? எங்க வீடு கடலுக்குக் கிட்ட இருந்துது. அதுதான் எங்க பாவமா?"

பிரசங்கியார் ஏதோ வசனம் சொன்னார். புளோரா கேட்க நிற்கவில்லை. எனக்கு மறுபடி மறுபடி நினைவுக்கு வந்தது வேறு கணக்கு. அன்று காலைத் திருப்பலியில் நற்கருணை வாங்கிவிட்டு வலை பின்னப் போன முதியவர் இறந்துபோனார். பெருநாளுக்குக்கூடக் கோயில் பக்கம் தலைகாட்டாத ஒருவர் தென்னையில் தொத்திக்கொண்டு பிழைத்தார். அவரைக் கேட்டால் தென்னைக்குத்தான் மெழுகுவர்த்தி ஏற்றுவார்.

தவக்காலம் வந்தது. செலின் இன்னும் யாரையும் விளிக்கவில்லை. நாகர்கோவிலில் டாக்டரிடம் காட்டினோம். பொறுமையாக இருங்கள் என்றார். பொறுமையாக இருக்க எனக்குத் தெரியவில்லை. மார்த்தாண்டத்துக்கு அப்பால் ஒரு முதியோர் இல்லத்தில் அருளப்ப சாமி இருக்கிறார் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறினேன். சந்திப்பு நெரிசலில் பஸ் முக்கால் மணி நேரம் நின்றது. நடந்திருந்தால் சீக்கிரம் போயிருப்பேன்.

சாமிக்குக் கண் மங்கியிருந்தது. குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்தார். எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டு, நான் பேசிய பேச்சு, நாலு பெயர், அமலி, என் மகள். ஆறுதல் சொல்வார் என்று போனேன். பரீட்சை வைத்தார்.

"புலம்பல்ல பிள்ளையள் எங்கல்லாம் வருது, சொல்லு."

மனப்பாடமாகத் தெரியும். தாயிடம் சோறு கேட்டு மடியிலேயே உயிர் விடுகிற பிள்ளைகள், தாகத்தில் நாக்கு ஒட்டிக்கொள்கிற கைக்குழந்தைகள் என்று சொல்லிக்கொண்டு போனேன்.

"அந்தப் பிள்ளையள் மேல எங்கயாவது குத்தம் எழுதியிருக்கா?"

ஐந்து அதிகாரத்தையும் மனதுக்குள் புரட்டினேன். "இல்ல சாமி."

"பிள்ளையளுக்காவ அழுதுதான் எழுதியிருக்கு. குத்தம் யாரு பேருல எழுதியிருக்கு?"

நாலாம் அதிகாரத்தில் இருக்கிறது. இருபது வருடமாக வாசித்த வரி. இறைவாக்குச் சொல்ல வந்தவர்களின் பாவம், குருக்களின் அக்கிரமம், அவர்கள்தான் நகரத்தின் நடுவே குற்றமில்லாதவர்களின் இரத்தத்தைச் சிந்தினார்கள் என்று.

"வேதம் கேட்டுப் படிச்சவியள் பேருல இல்ல, சொல்லிக் கொடுத்தவியள் பேருல" என்றேன்.

"அப்பம் ஒன் நோட்டுல யாரு பேரு இருந்திருக்கணும்?"

"எனக்கப் பேரு."

"அவ்வளவுதான். இதுக்கு எதுக்குல ரெண்டு பஸ் மாறி வந்த?"

நான் அழுதேன். அவர் அழ விட்டார். பிறகு கேட்டேன்: "அப்பம் அந்த எச்சரிக்கை பொய்யா சாமி? கடவுள விட்ட நாடு அழியாதா?"

"ஆரு பொய்யின்னு சொன்னா? கடவுள விட்ட நாடு பாழாத்தான் போவும். ஆனா நாடு கடவுள விட்டுதான்னு எதுல கண்டுபிடிப்ப? கோயில்ல எத்தன பேரு வரல்லங்கதுலயா? பதினொரு வயசுப் பிள்ள எதுக்குக் கருவாட்டுக்குக் காவல் நிக்குன்னு ஒருத்தனும் கேக்கல்ல பாரு, அதுல. எருசலேமிலயும் அதான் நடந்துது. பலி எல்லாம் முறையாத்தான் நடந்துது, ஏழை, அனாத, விதவைய யாரும் பாக்கல்ல. இது பெரியவியளுக்கு உள்ள எச்சரிக்கை. நீ அதத் திருப்பிப் பிள்ளைக்கு நேர பிடிச்சிட்ட."

"கடல் எதுக்கு சாமி வந்துது?"

"பூமி அசஞ்சுது, கடல் வந்துது. அது ஏன்னு எனக்குத் தெரியாது. தெரியாததத் தெரியும்னு சொல்லாத. நீ சொன்னதுதான் ஒன் கணக்கு. அதக் கூட்டத்துல வச்சி சொன்ன, கூட்டத்துல வச்சே திருத்து."

இரண்டாயிரத்து ஐந்தின் பெரிய வெள்ளி. கோயில் சுவரில் விரிசல் விட்டிருந்ததால் முற்றத்தில் ஓலைப்பந்தல் போட்டு, மேசையைப் பீடமாக வைத்திருந்தோம். அப்போதைய பங்குத்தந்தை இளையவர். நான் செய்யப்போவதைச் சொன்னதும் நகத்தைக் கடித்தபடி யோசித்தார். "மூணு மணிச் சடங்குக்கு முன்னால முடிச்சிருங்க" என்று மட்டும் சொன்னார். கரண்டு இல்லை, மைக் இல்லை. பல வருடம் கழித்து மறுபடியும் மக்களோடு ஒரே தரையில், அவர்களுக்கு முதுகு காட்டி நின்றேன். யார் தலை குனிகிறது என்று தெரியவில்லை.

வாசித்தேன். பிள்ளைகள் மயங்கி விழும் வரிகள் வந்தபோது ஐந்து மூச்சு விட்டேன். அந்த ஐந்து மூச்சுக்குள் முதுகுக்குப் பின்னால் பல தாய்மார் விம்மினார்கள். நாலாம் அதிகாரத்தில் அந்த வரி வந்தது. வாசித்துவிட்டு நிறுத்தினேன். விளக்கம் சொல்லக் கூடாது என்ற சட்டத்தை அன்று ஒரே ஒரு முறை மீறினேன்.

"ஆண்டவரே, இந்த வரியில் உள்ளவன் நான். வேதம் சொல்ல வந்த நான், உம் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்தினேன். வகுப்புக்கு வராத அமலியைக் கடல் வந்து கேட்கும் என்று சொன்னது இந்த வாய். அது பொய். அவள் பெயரை எழுதிய என் மகள்மீது குற்றமில்லை. எழுதச் சொன்ன என்மீதுதான்."

பிறகு புளோராவின் குரல்.

"உபதேசியாரே, இஞ்ச திரும்பும்."

திரும்பினேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். அவள் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து, பாய்களைத் தாண்டி, என் எதிரே வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"நீரு சொன்னது எனக்குத் தெரியும் வே. அண்ணைக்கே அமலி வந்து சொன்னா. எப்பிடிச் சொன்னா தெரியுமா? சிரிச்சிட்டுச் சொன்னா. 'கடல் வந்து கேட்டா, சாளை காயட்டும், பெறவு வாறேன்னு சொல்லுவேன்மா'ன்னா. ஒம்ம மாதிரியே மூக்க உறிஞ்சிப் பேசிக் காட்டுனா. நாங்க ரெண்டுபேரும் வயிறு நோவச் சிரிச்சோம். எம் பிள்ள ஒம்ம பேச்ச நம்பவே இல்ல. நல்லாக் கேட்டுக்கிடும். அவ கடவுளுக்குப் பயந்து சாவல்ல."

நான் மூக்கு உறிஞ்சிப் பேசுகிறவன் என்பது ஊருக்கே தெரியும், எனக்குத்தான் தெரியாது. யாரோ ஒருவர் அழுகையோடு சேர்த்துச் சிரித்துவிட்டார். பெரிய வெள்ளிக்கிழமை, பந்தலுக்குள், அந்தச் சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. மூன்று மாதமாக அந்த ஊரில் யாரும் சிரித்து நான் கேட்டதில்லை.

புளோரா சிரிக்கவில்லை. கூட்டத்தில் செலினைத் தேடினாள்.

"ஏட்டி செலினு, வா இஞ்ச."

ரோசிலி அவளை மெல்ல முன்னால் தள்ளினாள். புளோரா குந்தி உட்கார்ந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"எம் பிள்ள பேரச் சொல்லு மக்கா."

செலின் தலையை ஆட்டினாள்.

"நீ சொல்லல்லேன்னா வேற ஆரு சொல்லுவா? நான் வீட்டுக்குள்ள அவளப் பேரு சொல்லி விளிக்கேன். ஏன்னு கேக்க ஆளில்ல. நீ ஒருத்தி விளிச்சாத்தான் அவ இருந்தான்னு எனக்குத் தோணும். பேரச் சொன்னா ஒண்ணும் போவாதுட்டி. சொல்லாட்டாத்தான் போவும்."

செலின் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அப்போது, இதை யாரும் ஏற்பாடு செய்யவில்லை, ஷீபா எழுந்து வந்தாள். "எம் பேர மொதல்ல சொல்லு செலினு. எனக்குப் பயமில்ல" என்றாள். பின்னாலேயே ஜெனிட்டா. பின்னால், மூக்கு ஒழுக, பிரின்சி. மூன்று பேரும் புளோராவின் பக்கத்தில் வரிசையாக நின்றார்கள்.

கடல் முற்றத்திலிருந்து தெரியும். செலின் கடலை ஒரு தரம் பார்த்தாள். பிறகு "ஷீபா" என்றாள். காற்றுப் போல வந்தது.

"இருக்கேன்" என்றாள் ஷீபா.

"ஜெனிட்டா."

"இருக்கேன்."

"பிரின்சி." இந்த முறை கொஞ்சம் சத்தம் வந்தது.

"இருக்கேன்" என்று பிரின்சி கத்தினாள்.

செலின் மறுபடியும் கடலைப் பார்த்தாள். அது தன் பாட்டுக்கு அலையடித்துக்கொண்டு கிடந்தது. அவள் புளோராவின் முகத்தைப் பார்த்து, முழுத் தொண்டையில், தெருவில் நின்று விளையாடக் கூப்பிடுகிற மாதிரி, "அமலீ" என்று கூப்பிட்டாள்.

புளோரா அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். பந்தலில் எழுந்த அழுகையை நான் எந்தச் சாவு வீட்டிலும் கேட்டதில்லை. துக்கம் அதில் இருந்தது. ஆனாலும் அது தோற்றவர்களின் அழுகை இல்லை. அந்த நேரத்தில் மூன்று மணிக்கு, அன்றைக்கு மணிக்குப் பதிலாகத் தட்டுகிற மரக்கட்டையைத் தட்டிவிட்டார்கள். சடங்கு தொடங்கியது.

அந்தப் பெரிய வெள்ளிக்குப் பிறகு வராதவர்கள் நோட்டு வேறு வேலைக்கு வந்தது. பெயர் விழுந்தால் அன்று மாலையே நான் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். ஏன் வரவில்லை என்று கேட்பதற்கு அல்ல, என்ன வேலை கிடக்கிறது என்று பார்ப்பதற்கு. வேதபாடத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றினோம். ஞாயிறு காலையில் கருவாட்டுக்குக் காவல் இருக்க ஊர்க் கமிட்டி முறை வைத்து ஆள் போட்டது. அந்த முறையில் நானும் காக்கா ஓட்டியிருக்கிறேன். புலம்பலை ஓய்வு பெறும்வரை அதே தரையில் நின்று வாசித்தேன். செலின் இப்போது மஸ்கட்டில் நர்ஸ். கடல் பக்கத்தில்தான் தங்கியிருக்கிறாள். சொன்ன நேரத்துக்குப் போன் வரவில்லையென்றால் இன்றும் நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பேன். அவளுக்குப் பயமில்லை.

அந்தப் பெரிய வெள்ளி அத்தோடு முடியவில்லை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சிலுவையை முத்தமிடும் சடங்கு முடிந்து ஊர் கலைய ஆரம்பித்தது. வெயில் இறங்கிவிட்டது. நானும் ரோசிலியும் செலினும் பந்தலை விட்டு வெளியே வந்தோம். பத்தடி நடந்திருப்போம். செலின் நின்றாள்.

"அப்பா."

மூன்று மாதத்துக்குப் பிறகு. ரோசிலி என் கையை நகம் பதியப் பிடித்தாள். நான் "என்ன மக்கா?" என்றேன்.

"நீங்க பாதியில நிறுத்திட்டியளே. கடைசிப் பக்கம் வாசிக்கல்லியே."

ஆமாம். குற்றம் எழுதப்பட்ட வரியோடு நிறுத்தியிருந்தேன். மக்கள் எல்லோரும் சேர்ந்து, ஆண்டவரே எங்களை உம்மிடம் திருப்பிக்கொள்ளும், எங்கள் நாட்களைப் பழையபடி புதிதாக்கும் என்று கேட்கிற கடைசிப் பக்கத்தை நான் வாசிக்கவே இல்லை.

"தொண்ட போச்சு மக்கா" என்றேன். உண்மைதான், போயிருந்தது.

"அப்பம் நான் வாசிக்கேன்."

பந்தலுக்குத் திரும்பினோம். பாய்கள் வெறுமையாகக் கிடந்தன. முதல் வரிசைக்குப் பக்கத்தில், தரையில், அவள் பீடத்தைப் பார்த்து நின்றாள். எப்படி நிற்பது என்று யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. மதியம் என் முதுகைப் பார்த்துக்கொண்டு இருந்தவள்தானே. நானும் ரோசிலியும் அவள் பக்கத்தில் நின்றோம். 'நாங்கள்' என்று வருகிற ஓர் இடத்திலும் அவள் குரல் இறங்கவில்லை. நாலைந்து வரி போயிருக்கும், எங்கள் முதுகுக்குப் பின்னால் பாய் சரசரத்தது. யாரோ வந்து உட்கார்ந்தார்கள். பிறகு இன்னும் சிலர். மீன் கூடையைத் தரையில் வைக்கிற சத்தம். திரும்பிப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. பார்க்கவில்லை.

செலின் வாசித்துக்கொண்டே போனாள்.